பலகைக்கு ஒரு துபாஷி

2022 ஏப்ரல். புனே மாவட்டத்தில் பாராமதிக்கு அப்பால் ஒரு கிராமம். தகரக் கூரை போட்ட பால் சேகரிப்பு நிலையத்தின் முன் அலுமினியக் கேன்களோடு மாலை வரிசை நிற்கிறது. மேஜை மேல் இருக்கும் சிறிய இயந்திரம் பாலின் கொழுப்பையும் இதர சத்தையும் அளந்து, விலை போட்டு, சீட்டு அச்சடித்துத் தர வேண்டும். தரவில்லை. திரையில் 5.12 என்று மணி உறைந்து போயிருக்கிறது.

"ஆஜ் பரத் பந்த் பட்லி கா?" என்று வரிசையில் முதலில் நின்ற பெண் கேட்கிறார். இன்றும் நின்றுவிட்டதா என்று அர்த்தம். செயலாளர் பதில் சொல்லாமல் நோட்டை எடுக்கிறார். நேற்றைய கொழுப்பு அளவையே இன்றைக்கும் போட்டு எழுதுகிறார். அந்தப் பெண் எருமைக்குக் கூடுதலாகப் புண்ணாக்கு வைத்திருந்தால் அதன் பலன் இன்றைய கணக்கில் ஏறாது.

மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் புனேயிலிருந்து வந்திருந்த எஞ்சினியர். கும்பகோணத்துக்காரர். நாற்பதை நெருங்குபவர். அந்த இயந்திரத்துக்குள் இருக்கும் பச்சைப் பலகையை முதன்முதலில் பேச வைத்தவர் அவர்தான். அது ஏன் சாயங்காலத்தில் மட்டும் ஊமையாகிறது என்பது அவருக்கே தெரியவில்லை.

அவர் செய்யும் வேலைக்கு 'போர்டு சப்போர்ட் பேக்கேஜ்' என்று பெயர். புனேயின் ஹிஞ்சவடி, பாணேர் பகுதிகளில் பலருக்கு இதுதான் பிழைப்பு. ஆனால், வீட்டாருக்கு விளக்குவது கஷ்டம். ஓய்வுபெற்ற தமிழாசிரியையான அவருடைய அம்மா ஒருமுறை போனில் கேட்டார்: "கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்றே, சரி. அதுல நீ என்னதான்டா பண்றே?" அவர் யோசித்துவிட்டு, "துபாஷி வேலைம்மா. ஆனந்தரங்கப் பிள்ளை மாதிரி" என்றார். அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "அப்போ ரெண்டு பக்கமும் திட்டு வாங்கணுமேப்பா."

உவமை பொருத்தமானதுதான். புதுச்சேரியில் டூப்ளேக்கு உள்ளூர் தெரியாது, உள்ளூருக்கு பிரெஞ்சு தெரியாது. லினக்ஸ் கதையும் அதுதான். ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் வெளியிட்ட அந்த சாஃப்ட்வேர் இன்று சூப்பர் கம்ப்யூட்டர் முதல் செல்போன் வரை ஓடுகிறது. ஆனால் புதிதாகச் செய்த ஒரு பலகையில் எந்த சிப் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தானாகத் தெரியாது. மேஜைக் கம்ப்யூட்டரில் பல பாகங்கள் தாங்களே முன்வந்து தங்களை அறிமுகம் செய்துகொள்ளும். இந்த மாதிரிச் சிறு பலகையில் பல சிப்புகள், கேட்டால் ஒழிய வாய் திறக்காது. அதுவும் சரியான விலாசத்தில் கேட்க வேண்டும்.

அந்த விலாசங்களை எழுதித் தருவதுதான் துபாஷியின் வேலையில் பாதி. வெப்பமானி இந்த எண்ணில், கடிகாரம் அந்த எண்ணில், பிரிண்டருக்குப் போகும் கம்பி இது என்று ஒரு பட்டியல். 'டிவைஸ் ட்ரீ' என்பார்கள். முன்பெல்லாம் ஏ.ஆர்.எம். வகை சிப்புகளில் ஒவ்வொரு பலகைக்கும் தனியாக நிரல் எழுதி லினக்ஸுக்குள்ளேயே திணித்தார்கள். குவிந்துகொண்டே போன அந்தக் குப்பையைப் பார்த்து 2011-ல் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகவே எரிந்து விழுந்தார். அதற்குப் பிறகுதான் அங்கே இந்தப் பட்டியல் முறை வேரூன்றியது.

மறுபாதி வேலை அதற்கும் முந்தியது. மின்சாரம் வந்ததும் சிப்புக்குள் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் ஒரு துளி நிரல் கண் விழிக்கிறது. அந்தக் கணத்தில் பலகையின் நினைவகம் உபயோகத்துக்குத் தயாராக இல்லை. அந்தத் துளி நிரல் இன்னொரு சிறு நிரலை எழுப்பும். அதுதான் நினைவகத்தைத் தட்டி எழுப்பி, எந்த வேகத்தில் எழுது, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை புதுப்பி என்றெல்லாம் சொல்லித் தரும். அதன் பிறகு அடுத்த நிரல், அதன் பிறகுதான் லினக்ஸ். ஒரு கண்ணி அறுந்தாலும் திரையில் எதுவும் வராது. பிழைச் செய்தி காட்டக்கூட ஆள் இருக்காது. இந்த மௌனத்தோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டிய பிறகு, சீரியல் கேபிளில் முதல் வரி வந்து விழும்போது ஆய்வகத்தில் டீ வாங்கிக் கொடுப்பது வழக்கம்.

புனேக்கு இது புதிய வித்தையும் இல்லை. அமெரிக்கா கிரே சூப்பர் கம்ப்யூட்டரைத் தர மறுத்த பிறகு, 1988-ல் தொடங்கப்பட்ட சி-டாக் இங்கேதான் பரம் 8000 கம்ப்யூட்டரை உருவாக்கியது. லினக்ஸ் பிறந்த அதே 1991-ல் அது அரங்கேறியது. சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த சக்தி பிராசசரும் 2018-ல் லினக்ஸை ஓட்டிக் காட்டியது. சிப் எந்த ஊரில் பிறந்தாலும் அதற்குப் பக்கத்தில் ஒரு துபாஷி உட்கார்ந்தாக வேண்டும். இல்லையென்றால் அது வெறும் சிலிக்கான் வில்லை.

பால் இயந்திரத்துக்கு வருவோம். 2021-ல் உலகமெங்கும் சிப் பஞ்சம். வழக்கமாக வாங்கும் நினைவக சிப் கிடைக்கவில்லை. அதே அளவு, அதே கால்கள் கொண்ட வேறு கம்பெனி சிப்பை கொள்முதல் பிரிவு தேடிப் பிடித்து வாங்கியது. பலகை சரியாக எழுந்து நின்றது. ஏர்கண்டிஷன் அறையில் இரண்டு வாரம் நிற்காமல் ஓடியது. லாரியில் ஏறி கிராமங்களுக்குப் போனது. கோடை வந்ததும் புகார்கள் வந்தன. எல்லாம் மாலை நேரத்துப் புகார்கள். காலைக் கறவையில் ஒன்றுகூட இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அன்று கவனித்தது இரண்டு விஷயங்கள். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக இயந்திரத்தின் மேல் விழுந்தது. தூசு போகாமலிருக்கப் பெட்டி இறுக்கமாக மூடியிருந்தது. தொட்டுப் பார்த்தார். கையை வைக்க முடியவில்லை.

புனே திரும்பியதும் ஒரு பலகையை அட்டைப் பெட்டிக்குள் வைத்து, கூந்தல் உலர்த்தியால் சூடேற்றினார். நினைவகச் சோதனை ஓடிக்கொண்டிருந்தது. சிப்பின் சூடு 85 டிகிரியைத் தாண்டிய சற்று நேரத்தில் முதல் பிழை வந்தது. பிறகு மழை மாதிரி.

காரணம், நினைவக சிப்பின் ஆவணத்தில் அச்சாகியே இருந்தது. இந்த வகை நினைவகம் ஓட்டைக் குடம் மாதிரி. ஒவ்வொரு அறையிலும் இருக்கும் மின்னேற்றம் ஒழுகிக்கொண்டே இருக்கும். அவ்வப்போது நிரப்ப வேண்டும். சராசரியாக 7.8 மைக்ரோ செகண்டுக்கு ஒருமுறை நிரப்பும் ஆணை போக வேண்டும். சூடு ஏறினால் ஒழுகல் கூடும். ஆகவே 85 டிகிரிக்கு மேல் இடைவெளியைப் பாதியாக்கி 3.9 என்று வைக்க வேண்டும். அவருடைய நிரலில் 7.8 தான் இருந்தது. சிப் தயாரிப்பாளரின் மாதிரிப் பலகைக்கு எழுதப்பட்டதை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார். பழைய சிப் பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொண்டது. புதியது பொறுக்கவில்லை.

மறுநாள் கூட்டத்தில் எல்லோரும் கொள்முதல் பிரிவைத்தான் பார்த்தார்கள். மலிவான சிப்பை வாங்கிவிட்டார்கள் என்ற பேச்சு ஏற்கெனவே இருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுவே முடிவாகியிருக்கும். ஒரு நிமிடம் அப்படித்தான் இருந்தார். பஞ்ச காலத்தில் வேலையை நிறுத்தாமல் காப்பாற்றிய கொள்முதல் அதிகாரி எதிரே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு அவர் சொன்னார்: "சிப்பில் குறையில்லை. பழைய சிப்பின் ஆவணத்திலும் இதே விதி இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை."

எண்ணைத் திருத்த ஒரு நிமிடம் போதும். அதை இயந்திரங்களுக்குள் கொண்டு சேர்ப்பதுதான் பெரும்பாடு. மேலே ஓடும் சாஃப்ட்வேரை சிம் கார்டு வழியாகவே மாற்றிவிடலாம். இது ஆதியில் விழிக்கும் நிரல். இதற்கு மாற்றுப் பிரதி கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் இயந்திரம் அதோடு சரி. கரண்ட் எப்போது போகும் என்று கிராமத்தில் யாருக்குத் தெரியும்? அதனால் மெமரி கார்டும் ஒரு பேட்டரியும் எடுத்துக்கொண்டு நேரில் போனார்கள். அந்த ஆண்டு கும்பகோணம் போவதற்கு வைத்திருந்த லீவு அதில் கரைந்தது. அம்மாவிடம் காரணத்தைச் சொன்னபோது, "யார் பக்கம் திட்டு?" என்று கேட்டார். "என் பக்கம்தாம்மா." "அப்போ போய்ச் சரி பண்ணிட்டு வா."

அடுத்த கோடையில் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவர், மாலை ஐந்தரைக்கு அதே நிலையத்தில் இறங்கினார். வெயில் அதே ஜன்னல் வழியாக விழுந்துகொண்டிருந்தது. இயந்திரம் சீட்டுகளைத் துப்பிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் தன் சீட்டைப் படித்துவிட்டு, கொழுப்பு குறைவாகக் காட்டுகிறது என்று செயலாளரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இவரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

இப்போது அந்த நிரலில் 3.9 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று வரி விளக்கம் இருக்கிறது. எந்த ஆவணம், எத்தனையாம் பக்கம், ஏன் பாதி. நாளைக்கு அதை எடுத்து வேறொரு பலகைக்கு ஒட்டப்போகிற யாரோ ஒருவருக்காக அவர் எழுதி வைத்தது.