ஆணி அடிக்காத சுவர்

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைகளில் அரசியலையும் யுத்தத்தையும் இடப்பெயர்வையும் எழுதிவந்த ஒருவன், வீட்டுச் சுவரில் வயர்களை ஒழுங்காகப் பொருத்துவது பற்றி எழுத உட்கார்ந்தால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். நானும் சிரித்துக்கொண்டேதான் தொடங்குகிறேன். ஆயினும் சென்ற மாதம் எத்தாளையில் ஒரு நண்பரின் வீட்டில் கழித்த இரண்டு நாட்களை எழுதாமல் விட மனம் வரவில்லை.

புத்தளத்தை அண்மித்த பாலாவிச் சந்தியில் பிரியும் வீதி, கற்பிட்டிக் குடாநாட்டின் நெடுகிலும் செல்கிறது. ஒருபுறம் புத்தளம் களப்பு, மறுபுறம் பெருங்கடல். இடையே மணல், தென்னை, மரக்கறித் தோட்டங்கள். எத்தாளை இந்தக் குடாநாட்டில் இருக்கிறது. என் நண்பர் யாழ்ப்பாணம் சோனகத் தெருவைச் சேர்ந்தவர். நாங்கள் இருவரும் இளைஞர்களாக இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரே அச்சகத்தில் பணியாற்றினோம். அவர் ஒப்புநோக்குநர், நான் உதவி ஆசிரியன். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர் என்பதால் அன்றிலிருந்து அவரை நானா என்றே அழைக்கிறேன். அவருடைய மனைவி எனக்கு ராத்தா.

நான் போனதற்குக் காரணம் ராத்தா விழுந்துவிட்ட செய்தி. மஃரிப் தொழுகைக்கு எழுந்தவருடைய கால், பாய்க்குக் கீழே கிடந்த வயரில் தடுக்கியது. இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அந்த நேரத்தில் கட்டாரிலிருந்து மகன் வீடியோ அழைப்பில் இருந்திருக்கிறார். தாய் விழுவதைத் திரையில் பார்த்தவருக்கு அடுத்த கணமே இணைப்பும் அறுந்துபோயிற்று. தடுக்கிய வயரே இணைய வயர்தான். அரை மணி நேரம் அவர் அங்கே பட்ட பாட்டை நானா சொன்னபோது எனக்கே நெஞ்சு அடைத்தது.

கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். கூரைமேலிருந்த அலைவாங்கியின் வயர் யன்னல் வழியாக உள்ளே வந்து திரைச்சீலைக் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றித் தொங்கியது. அங்கிருந்து இணையப் பெட்டிக்கு ஒன்று. பெட்டியிலிருந்து பேத்தியின் அறைக்கு வாசலைக் குறுக்கறுத்து, பாய்க்குக் கீழே இன்னொன்று. தொலைக்காட்சிக்கு மூன்று. இவையனைத்துக்கும் ஒரே நீட்டிப்புப் பலகை. அதில் உருண்டை முனைச் செருகிகளும் சதுர முனைச் செருகிகளும் இடைமாற்றிகளின் தோளில் ஏறி நின்றன. இலங்கையில் 13 அம்பியர் சதுர முனைச் செருகி 2018 முதல் ஒரே தரமாக்கப்பட்ட பின்னரும், பழைய 5 அம்பியர், 15 அம்பியர் பொருட்கள் பல வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. மிஞ்சிய வயரையெல்லாம் சுருட்டி, இறப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டி, அலுமாரிக்குப் பின்னால் தள்ளியிருந்தார்கள். மின்வயரைச் சுருளாகக் கட்டிவைத்தால் அதன் சூடு வெளியேற வழியிருக்காது. பாரம் கூடினால் உறை உருகும்.

“நானா, ஒரு கேசிங் அடித்து இதையெல்லாம் சுவரோடு கொண்டுபோயிருக்கலாமே?” என்று கேட்டேன்.

கேசிங் என்றால் வேறொன்றுமில்லை. மூடியுள்ள, நீண்ட, வெள்ளைப் பிளாஸ்டிக் தவாளிப்பு. அடிப்பாகத்தைச் சுவரில் திருகாணியால் பொருத்தி, வயர்களை உள்ளே கிடத்தி, மூடியை அழுத்தினால் பொருந்திக்கொள்ளும். எந்த ஹார்ட்வெயார் கடையிலும் கிடைப்பது.

நானா உடனே பதில் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, “தம்பி, இந்த வீட்டுச் சுவரில நான் ஆணி அடிச்சதில்லை” என்றார்.

உண்மைதான். நாட்காட்டி யன்னல் கம்பியில் தொங்கியது. சுவர்க்கடிகாரம் அலுமாரிமேல் சாய்ந்திருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளாக இப்படித்தானாம்.

1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். வடக்கு முழுவதிலுமிருந்து வெளியேறியோர் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் மிகப் பலர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தார்கள். நானாவின் குடும்பமும் உடுத்த உடையோடு வந்தது. முதலில் கிடுகுக் கொட்டிலும் மண்ணெண்ணெய் விளக்கும். பின்னர் கிடுகுக்குள்ளாலேயே இழுக்கப்பட்ட ஒற்றை மின்வயர். அதன்பிறகு இந்தக் கல்வீடு. குடாநாட்டின் நுரைச்சோலையில் 2011 இல் அனல் மின்நிலையம் இயங்கத் தொடங்கி, 2014 இல் 900 மெகாவாட்டாக வளர்ந்து நாட்டுக்கே மின்சாரம் அனுப்பத் தொடங்கியது. நானாவின் கூடத்தில் மட்டும் வயர்கள் அகதிகளைப்போல் கிடைத்த இடத்தில் கிடந்தன.

“நாளைக்குப் போற இடத்தில இண்டைக்கு ஏன் ஆணி எண்டு நினைச்சன். நாளை நாளை எண்டே போயிட்டுது” என்றார்.

யுத்தம் முடிந்தபின் அவர் ஒருமுறை சோனகத் தெருவுக்குப் போயிருக்கிறார். அதைப்பற்றி என்னிடம் இதுவரை பேசியதில்லை. அன்றுதான் சொன்னார். கூரை இல்லை, கதவு நிலைகளும் இல்லை. சுவர்கள் நின்றன. அந்த வீட்டுக்கு அவருடைய தகப்பனார் மின்சாரம் எடுத்தபோது, அக்கால வழக்கப்படி தேக்குச் சட்டம் அடித்து, அதன்மேல் தகரக் கொளுவிகளில் வயரை அழுத்திக் கொண்டுபோயிருந்தார்களாம். அச்சகத்தில் பத்திகளுக்கு நடுவே போடும் கோட்டைப்போல அத்தனை நேராக இருக்குமாம். சட்டத்தையும் வயரையும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சுவரில் அந்தச் சட்டம் இருந்த இடத்தில் சிறிய துளைகள் மட்டும் ஒரே வரிசையில் நின்றன. “ஓட்டைகளை எண்ணிப்போட்டுத் திரும்பி வந்திட்டன்” என்றார்.

அதற்குப்பின் என்ன பேசுவது? ராத்தாதான் உள்ளிருந்து குரல் கொடுத்தார். “நாநாவும் தம்பியும் கதைச்சது காணும். எனக்கு மற்றக் கையும் முறியிறதுக்கு முன்னம் ஏதாவது செய்யுங்கோ!”

மறுநாள் காலை அயலில் மின்வேலை செய்யும் இளைஞர் ஒருவரை அழைத்துக்கொண்டோம். நான் மேற்பார்வையாளன். எனக்கு அந்தத் தகுதி எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். பிற்காலத்தில் கொழும்பில் நான் பணியாற்றிய ஒரு பத்திரிகை அலுவலகத்துக்குக் கணினிகள் வந்தபோது, மேசைகளுக்குக் கீழே வயர்கள் ஆலம் விழுதுகளாக இறங்கின. ஓரிரவு முதற்பக்கம் முடியும் தறுவாயில், மின்விசிறியின் செருகி என்று நினைத்து ஒருவர் பக்கவடிவமைப்புக் கணினியின் செருகியைப் பிடுங்கிவிட்டார். சேமித்து வைக்காத பக்கம் போயிற்று. விடியும்வரை மீண்டும் கட்டினோம். அந்த ‘ஒருவர்’ அடியேன்தான். எந்த வயர் எங்கே போகிறது என்று யாருமே எழுதி ஒட்டியிருக்கவில்லை. அன்று தொடங்கிய வயர்ப் பயம் என்னை ஓரளவு படிக்கவும் வைத்தது.

முதல் வேலை, ட்ரிப் சுவிட்சை இறக்கிவிட்டு எல்லாவற்றையும் கழற்றித் தரையில் பரப்பியது. எதனுடனும் சேராத மூன்று வயர்கள் அகப்பட்டன. எப்போதோ பழுதாகிப்போன பொருட்களின் வயர்கள். அவற்றை அகற்றியதுமே பாதிச் சிக்கல் தீர்ந்தது. கேசிங் வாங்குமுன் இதைச் செய்யவேண்டும். இல்லையேல் குப்பைக்கும் சேர்த்து மூடி வாங்குவோம்.

அடுத்தது, இரண்டு வரிசைகள். 230 வோல்ட் மின்வயருக்கு ஒன்று, இணையம் தொலைக்காட்சி முதலியவற்றுக்கு வேறொன்று. ஒரே கேசிங் போதாதா என்று நானா கேட்டார். மின்வயரின் உறை எங்காவது பழுதானால் மின்சாரம் மற்றைய வயருக்குத் தாவி, பேத்தி தொடும் கணினிவரை வரலாம் என்பது முதற்காரணம். நெடுந்தூரம் ஒட்டிச் சென்றால் மின்வயரின் இரைச்சல் தகவல் வயரில் ஏறும் என்பது இரண்டாவது. இணைய வயருக்குள் எட்டு மெல்லிய கம்பிகள் நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். அந்த முறுக்குத்தான் இரைச்சலைத் தணிக்கிறது. ஆகவே முனையில் செருகி பொருத்தும்போதும் அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கை அவிழ்க்கக்கூடாது. நானா தம் தொழிலை வைத்து இதைப் புரிந்துகொண்டார். “இரண்டு பத்திக்கு நடுவில இடைவெளி விடாட்டி எழுத்து எழுத்தோட முட்டுமெல்லோ!”

மூலைகளில் எங்கள் இளைஞர் வயரைச் செங்கோணமாக மடிக்கப் பார்த்தார். தடுத்தேன். வயரின் தடிப்பைப்போல் குறைந்தது நான்கு மடங்கு ஆரையுடன் அது வளையவேண்டும். சாதாரண இணைய வயருக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம். கண்ணாடி இழை வயருக்கு இன்னும் கவனம் தேவை. இறுக மடித்தால் ஒளி வளைவில் கசிந்துவிடும். வளைந்த மூலைத் துண்டுகள் கேசிங்கோடு சேர்த்தே விற்கப்படுகின்றன. விலையும் பெரிதல்ல.

வாசலைக் கடக்கும் இடந்தான் சிக்கல். தரையில் கிடத்தாமல், நிலையின் ஓரமாக மேலேற்றி, வாசலுக்கு மேலால் கொண்டுபோய் மறுபுறம் இறக்கினோம். நாலைந்து மீற்றர் கூடுதலாகப் போனாலும் ராத்தாவின் பாதைக்கு இனி எதுவும் குறுக்கே வராது.

கேசிங்கின் முதுகில் ஒட்டும் பட்டியுடன் வருவதும் உண்டு. துளையிட வேண்டியதில்லை என்று கடைக்காரர் அதையே சிபாரிசு செய்தாராம். கடற்காற்றுப் படும் சுவரில், அதுவும் சுண்ணாம்புப் பூச்சு உதிரும் சுவரில், அது நெடுநாள் நிற்காது. சாதாரண இரும்புத் திருகாணியும் துருப்பிடித்துச் சுவரில் செந்நிறக் கண்ணீர் வடிக்கும். ஆகையால் துருப்பிடிக்காத திருகாணியும், சுவருக்குள் இறுகும் பிளாஸ்டிக் முளையும் வாங்கினோம்.

அதாவது, துளையிட்டே ஆகவேண்டும்.

இளைஞர் பென்சிலால் கோடு கீறி, துளைகளுக்குப் புள்ளியிட்டார். துளைக்கும் இயந்திரத்தைக் கையில் எடுத்தவர் நானாவைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன். நானா எழுந்து வந்து மட்டக்கோலை வைத்துக் கோட்டைச் சரிபார்த்தார். ஒப்புநோக்குநரின் கண் அல்லவா, நூலளவு சரிவைக் கண்டுபிடித்து மறுபடி கீறச் சொன்னார். பிறகு இயந்திரத்தை வாங்கி முதல் துளையைத் தாமே போட்டார். கை சற்று நடுங்கியது. சிவப்புத் தூள் கொட்டியது. ராத்தா வாசலில் நின்று பார்த்தார். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது துளையிலிருந்து வேலை மளமளவென்று நடந்தது.

கேசிங்கை நிரப்பிவிடக்கூடாது என்பது அனுபவப் பாடம். உள்ளிடத்தில் பாதிக்குக் குறைவாகவே வயர் இருக்கவேண்டும். சூடு தணியவும், பின்னால் ஒன்றைச் சேர்க்கவும் அது உதவும். மின்மாற்றிப் பெட்டிகளையும் செருகிப் பலகைகளையும் வயர் மூட்டுகளையும் உள்ளே மறைக்கக்கூடாது. அவை கண்ணுக்குத் தெரியும் இடத்தில், காற்றோட்டமாக இருக்கட்டும். வயர்களை மறைத்துவிட்டால் ஒழுங்கு வந்துவிடும் என்பது தவறான எண்ணம். மூடியைத் திறந்தவுடன் எது எது என்று புரியவேண்டும்.

அந்தப் பொறுப்பைப் பேத்தி ஏற்றுக்கொண்டாள். ஒவ்வொரு வயரின் இரு முனைகளிலும் சிறு தாள் ஒட்டிப் பெயர் எழுதினாள். ‘தொலைகாட்சி’ என்று எழுதியதைத் தாத்தா பிடித்துவிட்டார். பழைய பழக்கப்படி ஓரத்தில் குறியிட்டு ‘க்’ சேர்க்க வைத்தார். ‘இடி இடித்தால் முதலில் இதைக் கழற்று’ என்று அலைவாங்கி வயரில் ராத்தாவின் விருப்பப்படி எழுதப்பட்டது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல்களில் இடி முழங்கும் நாடு இது. கேசிங் மின்னலைத் தடுக்காது. ஆனால் முழக்கம் கேட்கத் தொடங்கும்போதே எதைக் கழற்றுவது என்று தடுமாறாமல் இருக்கலாம். வீட்டில் வயர் போட்டவர் வெளிநாட்டில் இருக்க, முதியவர்கள் மட்டும் அவற்றோடு வாழும் வீடுகள் நம்மவரிடையே பெருகிவிட்டன. அவர்களுக்குப் பிள்ளைகள் செய்யக்கூடிய சிறிய, ஆனால் பெறுமதியான உதவி இப்படிப் பெயர் எழுதி ஒட்டுவது.

மாலையில் இணைப்புக் கொடுத்தோம். கட்டாரிலிருந்து மகன் வந்தார், அதாவது திரையில். கடலடியில் ஆயிரக்கணக்கான மைல்களுக்குப் பத்திரமாகக் கிடத்தப்பட்ட கம்பிகள் வழியாக வரும் குரல் அது. கடைசிப் பத்தடியில் பாய்க்குக் கீழே அறுந்து போவதற்கு இனி இடமில்லை. பேத்தி கைத்தொலைபேசியைச் சுவரோரமாக நகர்த்தி எல்லாவற்றையும் காட்டினாள். மகன் வெகுநேரம் மௌனமாகப் பார்த்துவிட்டு, “வாப்பா, சுவரில அடிச்சிருக்கிறீங்கள்” என்றார்.

“ஓம்” என்றார் நானா. சிறிது நேரம் கழித்து, “மேல் வரிசையில பாதி இடம் சும்மா இருக்கு. நீ வந்தால் உன்ர அறைக்கும் ஒரு வயர் போகும்” என்றார்.

நான் புறப்படும்போது சுவர்க்கடிகாரத்தை எங்கே மாட்டலாம் என்று இருவரும் வாக்குவாதப்பட்டுக் கொண்டிருந்தார்கள்.