தலை இடிக்கும், பல்லு கொதிக்கும், கொடுப்பு?

யாழ்ப்பாணத்தில் உடம்பின் ஒவ்வொரு இடத்துக்கும் அதற்கென்று ஒரு நோ இருக்கிறது. தலை இடிக்கும். பல்லு கொதிக்கும். காதும் வயிறும் குத்தும். கால் உளையும். 'வலி' என்ற சொல்லை எங்கட பழைய ஆக்கள் இதில ஒண்டுக்கும் பாவிக்கிறதில்லை. அவைக்கு வலி எண்டால் வலிப்பு, கைகால் இழுத்து வாயில நுரை தள்ளுற வருத்தம்.

என்னோட ஒரே போர்டிங்கில் இருக்கிற சிநேகிதி பல் வைத்தியம் படிக்கிறாள். குருநாகல் பக்கம், தாய்மொழி சிங்களம். கிளினிக்குக்கு வரும் தமிழ் ஆக்களிடம் கேட்க "வலி இருக்கா?" என்று ஒரு வசனத்தைப் பாடமாக்கி வைத்திருந்தாள். லீவுக்கு என்னோடு ஊருக்கு வந்தபோது அதை அம்மம்மாவிடம் கேட்டுப் பார்த்தாள். அம்மம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. "சீச்சீ, எங்கட பரம்பரையிலயே ஒருத்தருக்கும் இல்லை பிள்ளை."

நாங்கள் சிரித்தோம். ஆனால் அம்மம்மா இரண்டு நல்ல பல்லை இழந்த கதையும் கிட்டத்தட்ட இதுதான்.

அவவுக்கு வலது சொக்கையில் 'சுள்' என்று கரண்ட் அடிச்ச மாதிரி ஒரு நோ. சில செக்கன்தான், பிறகு ஒண்டுமே இல்லை. முகம் கழுவினால் வரும், சாப்பாடு மென்றால் வரும், பஸ் யன்னல் காற்றுப் பட்டாலும் வரும். ஒரு கிளினிக்கில் "எந்தப் பல்லு?" என்று கேட்டார்கள். கேட்டதே அவ்வளவுதான். அம்மம்மா கொடுப்புப் பல்லைத் தொட்டுக் காட்டினா. பிடுங்கினார்கள். நோ நிற்கவில்லை. அடுத்த பல்லையும் பிடுங்கினார்கள். அதற்குப் பிறகு அவ அந்தப் பக்கம் தண்ணி படாமல்தான் முகம் கழுவினா.

நெற்றி, மேல்தாடை, கீழ்த்தாடை மூன்றுக்கும் கிளை விட்டு ஓடுவது ஒரே நரம்பு, முக்கிளை நரம்பு. பல்லிலிருந்தும் சொக்கையிலிருந்தும் செய்தி அதே வழியால்தான் மூளைக்குப் போகிறது. அதனால் மூளைக்கு விலாசம் மாறிப்போகும். இரவில் பல்லு நெருமுகிற ஒருவருக்குச் சொக்கைத் தசை களைத்து, நல்ல கடைவாய்ப் பல்லு உளைகிற மாதிரி இருக்கலாம். மாரடைப்பின் நோகூட சிலருக்குத் தாடையில் தெரியும். பல்லின் உள்ளே பழுதென்றால், சூடோ குளிரோ பட்டபின் விண்விண் என்று நெடுநேரம் நிற்கும். இரவில் நித்திரையையும் குழப்பும். முக்கிளை நரம்பு நோவோ மின்னல் மாதிரி: ஒரு செக்கனிலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் வந்து போய்விடும், மெதுவாகத் தொட்டாலே கிளம்பும். பல்லு எக்ஸ்ரேயில் இந்த வித்தியாசம் விழாது. நோயாளி சொல்லுகிற கதையில்தான் விழும்.

அந்தக் கதையைக் கேட்கப் பழக்குவதும் பல் மருத்துவப் படிப்புத்தானே? ஆனால் இந்தத் துறைக்கு வயது குறைவு. முக, தாடை நோக்களுக்கென்று முதலாவது சர்வதேச வகைப்படுத்தல் வந்தது 2020இல். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் இதைத் தனிச் சிறப்புத்துறையாக ஏற்றதும் அதே வருஷம்தான். பல்லைப் பிடுங்கப் பழக்குவதோ எவ்வளவு பழைய கலை!

கலைப்பீடத்தில் இருந்துகொண்டு எனக்குப் பிடித்த விசயம் வேறு. 1975இல் ரொனால்ட் மெல்சாக் என்ற கனேடிய உளவியலாளர் மக்கில் வலி வினாக்கொத்தை வெளியிட்டார். நோவைச் சொல்லும் 78 சொற்கள், 20 கூட்டமாக. 'எவ்வளவு நோகுது?' என்பதோடு நிற்காமல் 'எப்பிடி நோகுது?' என்று கேட்டதுதான் அதன் பெறுமதி. அதைப் பார்த்து நானும் சிநேகிதியும் அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினோம்: குத்துது, உளையுது, கொதிக்குது, எரியுது, கடுக்குது, விறைக்குது, சுள்ளெண்டுது. பக்கத்து அறை ஹற்றன் பிள்ளை வந்து பார்த்துவிட்டு, "எங்க வீட்ல எல்லாத்துக்குமே வலிக்குதுன்னுதான் சொல்லுவோம்" என்றாள். ஆகவே சிநேகிதியின் பாட வசனம் பிழையில்லை, எங்கட அம்மம்மாவுக்குத்தான் பொருந்தவில்லை. அவளுக்கு இப்போது இரண்டையும் படிக்க வேண்டிய தலையிடி.

அம்மம்மாவை முடிவில் கண்டுபிடித்தவர் ஒரு நரம்பியல் டொக்டர். பத்து நிமிஷம் கதை கேட்டார், பஞ்சால் சொக்கையைத் தொட்டார், கார்பமசெபின் எழுதினார். அது வலிப்புக்கும் கொடுக்கிற குளிசை. அளவுக்கு மிஞ்சித் துள்ளும் நரம்பை அடக்குவதால் இதற்கும் உதவும். மருந்துக்கடைப் பெடியன் நல்லெண்ணத்தில், "இது வலிக்குக் குடுக்கிறது அம்மா" என்று சொல்லிவிட்டான். ஒரு கிழமை அம்மம்மா குளிசையைத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தா. தனக்கு வலி எண்டு ஊருக்குத் தெரிஞ்சால் பேத்திமாருக்குக் கலியாணம் ஒப்பேறாதாம்.

இப்போது குடிக்கிறா. முறுக்கு மட்டும் இடது பக்கத்தால்தான்.

சிநேகிதிக்கு அடுத்த கிழமை செய்முறைப் பரீட்சை. பின்னேரங்களில் நான்தான் நோயாளி. வாயைத் திறக்கச் சொல்லமுதல் இரண்டு நிமிஷம் என்னைக் கதைக்க விடவேண்டும் என்பது எங்கட ஒப்பந்தம். "எங்க நோகுது? எப்பிடி நோகுது? எது செஞ்சா வருது?" வரை சரளமாக வருகிறது. 'கொடுப்பு' என்று சொல்லத்தான் இன்னும் நாக்கு இடறுகிறது.