சாந்துப் பொட்டு வைத்த ரேடியோ

கோடியக்கரையில் எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரு மரப்பெட்டி ரேடியோ இருந்தது. முள் நகரும் கண்ணாடியில் ஓரிடத்தில் மட்டும் கடைக்கார மாமாவின் மனைவி சாந்தால் ஒரு பொட்டு வைத்திருந்தார். முள் அந்தப் பொட்டுக்கு நேரே நின்றால் இலங்கை வானொலி. வேறு யாரும் முள்ளைத் தொடக் கூடாது. செய்தி கேட்கவேண்டுமென்று ஒருநாள் திருச்சி நிலையத்துக்குத் திருப்பிய எங்கள் வாத்தியாருக்கே அன்றைக்குச் சர்க்கரை குறைந்த டீதான் கிடைத்தது.

1952இல் கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்ததும் ஆகாசவாணி சினிமாப் பாட்டை ஒதுக்கியது, 1957இல் விவித் பாரதியைத் தொடங்கிச் சமாளிப்பதற்குள் நேயர்கள் இலங்கைப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்பதெல்லாம் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது. எங்கள் ஊருக்கு அந்தக் காரணமே தேவைப்படவில்லை. சென்னை என்றால் ஒரு ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் உட்கார வேண்டும். யாழ்ப்பாணம் வள்ளத்தில் சில மணி நேரம். அங்கிருந்து லுங்கி வரும், வாசனை சோப்பு வரும். எப்படி வந்தது என்று நாகரிகம் தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள். காற்றில் வந்த குரலுக்கு அந்தச் சங்கடமும் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் அந்தக் குரல்களில் ஒன்றுக்காகவே கடையில் கூட்டம் சேர்ந்தது. அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா. ராஜேஸ்வரி சண்முகம் பேசினால் வீட்டுப் பெண்கள் அடுப்படியிலிருந்தே பதில் சொல்வார்கள். அப்துல் ஹமீத் பேசினால் தமிழ் வகுப்பில் உட்கார்ந்த மாதிரி இருக்கும், அதுவும் பிடித்த வாத்தியாரின் வகுப்பில். ராஜா வந்தால் டீ ஆற்றுகிற கை நின்றுவிடும். மடை திறந்த வேகம், ஆனால் ஒரு சொல்லும் மிதிபடாது. லகரமும் ளகரமும் ழகரமும் தனித்தனியாக வந்து விழும். “இந்த ஆளு மூச்சு எப்பதான்டா விடுறாரு?” என்று மாமா கேட்பார். எனக்கும் அது விளங்கியதில்லை.

‘திரை விருந்து’ நேரம்தான் உச்சம். அடிப்படையில் அது படத்துக்கான விளம்பரம், அவ்வளவுதான். ஆனால் ராஜா ஒரு கேள்வி கேட்பார், படத்தின் வசனமோ பாட்டோ அதற்குப் பதில் சொல்கிற மாதிரி வந்து விழும். அவர் அதற்கொரு சீண்டல் வைப்பார். நாடாவை வெட்டி ஒட்டிச் செய்த வேலை என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. சிவாஜியும் ரஜினியும் கொழும்புக்கே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்றே நான் நம்பியிருந்தேன்.

பிறகு தியேட்டர் பெயர்கள் வரும். யாழ்நகர் ராணி, வெலிங்டன், மனோகரா, வின்சர். கொழும்பில் செல்லமஹால், கெயிட்டி, கிங்ஸ்லி. வேதாரண்யம் டூரிங் கொட்டகையில் இந்த வாரம் என்ன படம் என்று தெரியாதவன்கூட யாழ்ப்பாணம் ராணியில் என்ன ஓடுகிறது என்று சொல்லிவிடுவான். படங்களெல்லாம் நம் ஊரிலிருந்து போனவைதான், அதுவும் நாங்கள் பார்த்து வெகுநாள் கழித்து. பார்த்த படத்துக்கே மறுபடி ஆசை வரும்படி அந்த மனிதர் பேசுவார்.

என் சின்னம்மா முட்டை விற்ற காசில் வெளிநாட்டுத் தபால்தலை வாங்கி ‘நீங்கள் கேட்டவை’க்கு எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தாள். கோடியக்கரை என்ற பெயரை ராஜா வாயால் ஒருமுறையாவது கேட்டுவிட வேண்டும் என்பது அவள் ஆசை. கடைசிவரை கேட்கவில்லை.

இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, லுங்கியும் சோப்பும் வந்த அதே கடலில் மனிதர்கள் வந்து இறங்கினார்கள். ஒரு சாயங்காலம் நனைந்த துணிப்பையோடு கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருத்தி, பேச்சுவாக்கில் ராஜா பெயர் வந்ததும் நிமிர்ந்தாள். “அவர் எங்கட ஊர்ப் பிள்ளையல்லோ. காரைநகர்.” ராஜா என்பது வானொலிப் பெயர், சொந்தப் பெயர் ஸ்ரீஸ்கந்தராஜா என்றும் அவள்தான் சொன்னாள்.

பின்னாளில் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். கோடியக்கரையிலிருந்து நேர் தெற்கே விரலை இழுத்தால் முதலில் தட்டுப்படும் கரைகளில் ஒன்று காரைநகர். சுமார் 60 கிலோமீட்டர். நடுவில் கடல் மட்டும். அந்த மனிதர் அங்கிருந்து கொழும்புக்குப் போய், அங்கே ஒலிவாங்கி முன் உட்கார்ந்து பேச, அந்தக் குரல் தீவின் நீளத்தில் பெரும்பகுதியைத் தாண்டித் தன் ஊருக்கு மேலாகப் பறந்து எங்கள் டீக்கடைக்கு வந்திருக்கிறது. பக்கத்து ஊர்க்காரரை இத்தனை நாளும் சீமைக்காரராக நினைத்திருக்கிறோம்.

1989 செப்டம்பரில் அவரைக் கொன்று கொழும்புக் கடற்கரையில் போட்டார்கள். அந்தச் செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்தபோது மாதம் ஒன்று கடந்திருந்தது. யார் செத்தாலும் அந்தக் கடையில் ஒருநாள் ரேடியோவை நிறுத்துவது வழக்கம். மாமா நிறுத்தவில்லை. முள்ளைப் பொட்டுக்கு நேரே வைத்து, சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டார்.

என்னிடம் அவர் குரல் ஒரேயொரு கேசட்டில் இருந்தது. சின்னம்மா மகன் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த டேப்ரிக்கார்டரை ரேடியோவுக்கு முன்னால் வைத்துப் பிடித்தது. பேச்சுக்கு நடுவே கிளாஸ் கழுவும் சத்தமும் மாமாவின் இருமலும் கேட்கும். அதன் மேலேயே யாரோ கல்யாண நாதஸ்வரத்தைப் பதிந்துவிட்டார்கள். அது தீரும் இடத்தில் ராஜா அரை நிமிடம் பேசுகிறார். அந்த அரை நிமிடத்திலும் பூஞ்சை ஏறிவிட்டது.

உங்கள் வீட்டுப் பரணில் பேர் எழுதாத பழைய கேசட் ஏதாவது கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் போடும் முன் ஒருமுறை ஓடவிட்டுக் கேளுங்கள்.