நெட் மேல பழி போடாதீங்க!



கம்ப்யூட்டரில் ஏதாவது இறங்கலைன்னா நாம எல்லாரும் சொல்றது ஒரே பதில்தான்: "நெட் ஸ்லோ." லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில் அது பாதி நேரம் உண்மை இல்லை. நடுவில் மிரர் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

எங்க பெரியப்பா பொண்ணு பிளஸ் டூ படிச்சப்போ அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் இப்போ எங்க வீட்டில் இருக்கு. 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது. அது நம் நாட்டு சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை வைத்து உருவாக்கியது. லேப்டாப் பழசாகி ரொம்ப மெதுவாகிப் போனதால், அக்கா அதில் உபுண்டுவின் இலகுவான வகையான லுபுண்டுவைப் போட்டு எங்களுக்குக் கொடுத்தாங்க.

தம்பி மூணாவது படிக்கிறான். அவனுக்காக ஜி-காம்ப்ரிஸ் என்ற தொகுப்பைப் போட நினைத்தேன். சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கும் எழுத்தும் விளையாட்டாகவே சொல்லித் தரும். காசு கிடையாது. ஆனா நெட் அப்பா போனில்தான். அப்பா ராத்திரி எட்டு மணிக்கு வருவார். காலையில் நாலு மணிக்குப் பால் வண்டிக்குப் போகணும், அதனால ஒன்பதரைக்குப் படுத்துடுவார். எனக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம்.

முதல் நாள் வேகம் நொடிக்கு 20 கே.பி. கணக்குப் போட்டுப் பாருங்க. 100 எம்.பி. என்பது 1,00,000 கே.பி. அதை 20-ஆல் வகுத்தால் 5,000 நொடி, அதாவது 1 மணி 23 நிமிடம். அதுவும் நடுவில் நிக்காமல் ஓடினால்! ரெண்டாம் நாள் பாதியிலேயே நின்னுடுச்சு. மூணாம் நாள் அப்பா, "இது ஆகாதும்மா. ஞாயித்துக்கிழமை பழைய இரும்புக்காரர் வருவார், போட்டுடலாம். டேட்டாவும் வீணாப் போகுது" என்றார்.

எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஆனா ஒண்ணு கவனிச்சேன். அதே போனில் அப்பா பார்க்கிற வீடியோ நிக்காம ஓடுது. அப்போ நெட் நல்லாத்தானே இருக்கு? அக்காவுக்குப் போன் போட்டேன். அக்கா சிரிச்சுக்கிட்டே, "நெட் சரியாத்தான் இருக்கு பாப்பா. நீ வாங்குற கடைதான் சரியில்ல. கடையை மாத்து" என்றாங்க.

கடை என்றால் என்ன? ரேஷன் அரிசி எல்லாருக்கும் குடோனிலேயே கொடுத்தால் எவ்வளவு கூட்டம் நிற்கும்? அதனால்தான் ஊருக்கு ஒரு கடை. லினக்ஸிலும் அப்படித்தான். டெபியனை 1993-ல் இயன் முர்டாக் என்பவர் ஆரம்பித்தார். அதிலிருந்து வந்த உபுண்டு 2004-ல் வெளிவந்தது. இவற்றின் மென்பொருள்கள் எல்லாம் ஒரு மூலக் கிடங்கில் இருக்கும். அதைப் பல நாட்டுக் கல்லூரிகளும் நிறுவனங்களும் அப்படியே நகல் எடுத்து, தங்கள் கம்ப்யூட்டரில் வைத்து, எல்லாருக்கும் இலவசமாகக் கொடுக்கின்றன. கண்ணாடியில் தெரிவது போல அச்சாக இருப்பதால் அதற்கு மிரர் என்று பெயர். சில மிரர்களில் கூட்டம் அதிகம், சிலது பழுதாகி நிற்கும், சிலதில் புதுச் சரக்கு வந்திருக்காது. நம்ம கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. சொன்ன கடை வாசலிலேயே நின்னுக்கிட்டு இருக்கும்.

அக்கா சொல்லிக் கொடுத்ததையும் நான் செய்து பார்த்ததையும் வரிசையாக எழுதுகிறேன். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் வேறு ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் வரலைன்னா நெட்தான் காரணம். "டெம்பரரி ஃபெயிலியர் ரிசால்விங்" என்று வந்தால், மிரரின் பெயரை வைத்து அதன் எண் முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அர்த்தம். ஹாட்ஸ்பாட்டை அணைத்துப் போடுங்கள்.

2. தேதியைப் பாருங்கள். பழைய லேப்டாப்பில் உள்ளே இருக்கும் பட்டன் செல் தீர்ந்திருந்தால் தேதி பல வருஷம் பின்னால் போயிருக்கும். அப்போ "நாட் வேலிட் யெட்" என்று வரும். நாளைக்குத் தேதி போட்ட கடிதத்தை இன்றைக்கு வாங்க மறுப்பது போல. தேதியைச் சரி செய்தால் போதும்.

3. மிரரை மாற்றுங்கள். சாஃப்ட்வேர் சோர்சஸ் என்பதைத் திறந்து, "டவுன்லோட் ஃப்ரம்" என்ற இடத்தில் "அதர்" கொடுத்தால் நாடு நாடாகப் பட்டியல் வரும். "செலக்ட் பெஸ்ட் சர்வர்" என்ற பட்டனை அமுக்கினால் கம்ப்யூட்டரே ஒவ்வொரு மிரரையும் சோதித்து, சீக்கிரம் பதில் சொல்லுவதைத் தேர்ந்தெடுக்கும். மேப்பில் பக்கத்தில் இருப்பதுதான் வேகமாக இருக்கும் என்று கிடையாது.

4. "ஹாஷ் சம் மிஸ்மேட்ச்" என்று வந்தால் பயப்படாதீர்கள். தோழி நோட்டை எழுதிக்கொண்டிருக்கும்போதே நாம் பிடுங்கி காப்பி அடித்தால் எப்படி இருக்கும்? பொருளடக்கத்தில் பத்துப் பாடம், உள்ளே எட்டுப் பாடம்! மிரர் புதுசு எடுக்கிற நேரத்தில் நாம் போனாலும் அப்படித்தான். டெபியனின் மூலக் கிடங்கே ஒரு நாளைக்கு 4 முறை புதுப்பிக்கப்படுகிறது. கொஞ்ச நேரம் கழித்து "சூடோ ஆப்ட் அப்டேட்" திரும்பக் கொடுங்கள். அப்பவும் வந்தால் மிரரை மாற்றுங்கள்.

5. "404 நாட் ஃபவுண்ட்" என்றால் நம்மிடம் இருப்பது பழைய பட்டியல். அப்டேட் கொடுத்துவிட்டு இறக்குங்கள். ரொம்பப் பழைய உபுண்டு என்றால் அதன் ஃபைல்களை ஓல்ட் ரிலீசஸ் என்ற வேறு கிடங்குக்கு மாற்றியிருப்பார்கள். புதிய பதிப்புக்கு மாறுவதே நல்லது.

6. பாதியில் நின்றாலும் கவலை வேண்டாம். இறங்கின வரைக்கும் "பார்ஷியல்" என்ற ஃபோல்டரில் இருக்கும். மறுபடி கொடுத்தால் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

நான் மூன்றாவதைச் செய்தேன். 20 கே.பி. இருந்தது 900 கே.பி. ஆனது! அதே 100 எம்.பி.க்கு 2 நிமிஷம்கூட வேண்டாம். அப்பா எட்டிப் பார்த்துட்டு, "இதுவா? அதுக்குள்ளயா?" என்றார். இரும்புக்காரர் பேச்சை அதுக்கப்புறம் எடுக்கவே இல்லை.

யாரோ நடத்துகிற மிரரை எப்படி நம்புவது என்று அக்காவிடம் கேட்டேன். சரக்குப் பட்டியலில் மூலக் கிடங்குக்காரர்களின் டிஜிட்டல் கையெழுத்து இருக்குமாம். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஹாஷ் எண் அதில் இருக்கும். கடைக்காரர் ஒரு எழுத்தை மாற்றினாலும் எண் மாறிவிடும், கம்ப்யூட்டர் வாங்காது. வாங்கி வந்த அரிசியை வீட்டில் திரும்ப எடை போடுவது போல!

தோழர் தோழிகளே, நம்மில் பலர் வீட்டில் அக்கா, அண்ணன் வாங்கிய பழைய லேப்டாப் பரணில் தூங்குகிறது. "ஒண்ணும் இறங்க மாட்டேங்குது" என்று மூடி வைத்திருப்பார்கள். எடுத்துத் துடைத்து, என்ன எழுத்து வருகிறது என்று முழுசாகப் படியுங்கள். இங்கிலீஷில் இருக்கிறதே என்று மூடிவிடாதீர்கள். என்ன குறை என்று அந்த வரியிலேயே இருக்கும். புரியாவிட்டால் நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். "ஆப்ட்-கெட்" கட்டளையில் ஒரு முறை இறக்கியது பொதுவாகக் கம்ப்யூட்டரின் "ஆர்க்கைவ்ஸ்" ஃபோல்டரில் தங்கும். அதைப் பென் டிரைவில் எடுத்து வைத்தால், அதே பதிப்பு லினக்ஸ் உள்ள மற்ற கம்ப்யூட்டர்களில் நெட் செலவில்லாமல் போடலாம். நம் பள்ளிக்கென்று அப்படி ஒரு பென் டிரைவ் இருந்தால், அதுவும் ஒரு குட்டி மிரர்தானே? ஜி-காம்ப்ரிஸை முதலில் நான் தருகிறேன்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி