கராஜ் வாசலில் கிடைத்த துவக்குப் புத்தகம்



மே மாதம் பிறந்தால் இந்த ஊர் வீடுகள் வயிற்றைத் திறந்து காட்டும். சனிக்கிழமை காலையில் கராஜ் கதவை மேலே தூக்கிவிட்டு, வாசலில் மேசை போட்டு, வீட்டுக்குள் வேண்டாமல் போனதையெல்லாம் பரப்பிவிடுவார்கள். கராஜ் சேல் என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். கோப்பை, சைக்கிள், பிள்ளைத் தொட்டில், செத்துப்போனவரின் சப்பாத்து, எல்லாம் அங்கே இருக்கும். புத்தகப் பெட்டி ஒன்றும் கட்டாயம் இருக்கும், பெரும்பாலும் மேசைக்குக் கீழே.

போன கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு குவெல்ஃப் நகரத்துக்குப் போனேன். ஜோன் மக்ரே என்ற மருத்துவர் பிறந்த சிறிய கல்வீட்டை அங்கே நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். முதலாம் உலகப் போரில், 1915 மே மாதம் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் நின்று ‘இன் ஃபிளாண்டர்ஸ் ஃபீல்ட்ஸ்’ கவிதையை எழுதியவர் அவர். ஒவ்வொரு நவம்பரிலும் போரில் இறந்தவர்களை நினைத்துக் கனடாப் பிள்ளைகள் சட்டையில் சிவப்புப் பொப்பிப்பூ குத்திக்கொண்டு அதைப் பாடம் சொல்வார்கள். ஒரு காலத்துப் பத்து டொலர் நோட்டில்கூட அதன் வரிகள் அச்சாகியிருந்தன. என் மகள் சொன்னாள். இப்போது அவள் மகள் சொல்கிறாள்.

வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் அந்த மேசை. பேத்தி பழைய தகரப் பம்பரம் ஒன்றைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நடுவில் நிற்கும் பிடியை மேலிருந்து அமுக்கினால் அடியில் தகரக் குடம் சுழலும், அந்த வகை. நான் குனிந்து பெட்டியைக் கிளறினேன். கார் திருத்தும் கைநூல்கள், தூண்டில் மீன்பிடி, தோட்டப் புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் தடித்த பெரிய புத்தகம் ஒன்று. முதுகைத் திருப்பிப் பார்த்ததும் முழங்காலைத் தரையில் ஊன்றிவிட்டேன்.

‘த ராஸ் ரைஃபிள் ஸ்டோரி.’ ரோஜர் பிலிப்ஸ், பிரான்சுவா டுப்புயி, ஜோன் சட்விக் மூவரும் சேர்ந்து எழுதியது. 1984இல் நோவா ஸ்கோஷியா மாகாணத்துச் சிட்னி நகரத்தில், மூவரில் ஒருவரான சட்விக் தானே பதிப்பித்து வெளியிட்டது. பெரிய பதிப்பகம் எதுவும் கை வைக்காத புத்தகம். அச்சு முடிந்து நெடுநாளாகிவிட்டது. பழைய இராணுவத் துவக்கு சேர்ப்பவர்கள் இதற்கு நூற்றுக்கணக்கில் டொலர் கொடுப்பார்கள். பத்து வருசமாக நானும் தேடிக்கொண்டிருந்தேன். அட்டையில் ஒட்டியிருந்த சின்னத் துண்டில் ‘15’ என்று பேனையால் எழுதியிருந்தது.

மேசைக்குப் பின்னால் எண்பது வயது மதிக்கக்கூடிய அம்மா ஒருவர் இருந்தார். காசை நீட்டப் போனவன் நிறுத்தினேன். வெயிலில் குந்தியிருந்து புருசனின் பொருட்களை விற்கிற மனுசியிடம் அந்த விலைக்கு வாங்கிக்கொண்டு போனால், அந்தப் புத்தகத்தை நிம்மதியாக விரிக்க என்னால் முடியாது. “அம்மா, இதன் விலை உங்களுக்குத் தெரியவில்லை. இது மிகவும் அதிகம் போகும்” என்றேன். அவர் என்னையும் புத்தகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். “அவர் சாப்பிடும்போதும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் வாசிப்பீர்களா, விற்பீர்களா?” என்று கேட்டார். வாசிப்பேன் என்றேன். அறுபது கொடுக்கச் சொன்னார். கையில் இருந்த எண்பதையும் கொடுத்துவிட்டு வந்தேன். பம்பரத்துக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார்.

வீட்டில் மனுசிக்கு முகம் மாறிவிட்டது. “துவக்கைக் கண்டுதானே ஊரை விட்டு ஓடி வந்தனாங்கள். இப்ப அதைக் காசு குடுத்து வாங்கி வீட்டுக்குள்ள கொண்டு வாறியளே?” என்றாள். அவள் கேட்டதில் பிழையே இல்லை. எங்கள் தலைமுறைக்குத் துவக்குகளின் பெயர்கள் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். இலங்கையில் நான் சிறுவனாக இருந்தபோது பொலிஸ் நிலைய வாசலில் காவல் நிற்பவரின் தோளில் தொங்கியது திறீ-நொட்-திறீ எனும் .303 துவக்கு. பிறகு வந்தவற்றின் பெயர்களை எழுத மனமில்லை. என் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் துவக்குக்கூட நாங்கள் வாங்கிக் கொடுத்ததில்லை.

ஆனால் இந்தப் புத்தகத்தை நான் தேடியதற்குக் காரணம் என் கைத்தொழில். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை வேர்க்‌ஷொப்பில் கடைசல் பழகியவன் நான். இங்கே வந்தும் இருபத்தெட்டு வருசம் லேத் மெசினுக்கு முன்னால்தான் நின்றேன். என் பக்கத்து மெசினில் வேலை செய்த கனடியக் கிழவர், ஏதாவது உதிரிப்பாகம் நுழையாமல் இறுகினால், “இது ராஸ் மாதிரிப் போயிட்டுது” என்பார். அவருடைய தாத்தா ஈப்பரில் நின்றவராம். ராஸ் என்றால் என்ன என்று கேட்டேன். மதிய உணவு நேரம் முழுக்கக் கதைத்தார். குடியுரிமைப் பரீட்சைக்கு நான் படித்த புத்தகத்தில் பொப்பிப்பூ இருந்தது. அவர் சொன்னது இருக்கவில்லை.

கதை இதுதான். தென்னாபிரிக்கப் பூவர் போரின்போது கனடா தன் படைக்கு லீ-என்ஃபீல்ட் துவக்கு கேட்டது. பிரித்தானியாவால் போதியளவு கொடுக்க முடியவில்லை. கனடாவில் அதைச் செய்யவும் வழி பிறக்கவில்லை. அந்த இடைவெளியில் சேர் சார்ல்ஸ் ராஸ் என்ற ஸ்கொட்லாந்துப் பிரபு வந்தார். தானே வடிவமைத்த துவக்கைக் கனடாவிலேயே செய்து தருகிறேன் என்றார். 1903இல் பிரதமர் லோரியேயின் அரசாங்கம் 12,000 துவக்குகளுக்கு ஒப்பந்தம் போட்டது. கியூபெக் நகரத்தில், ஆபிரகாம் சமவெளியில் தொழிற்சாலை எழுந்தது. 1905இல் குதிரைப் பொலிசுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியில் ஒருவருக்குக் கண் போனது. அடுத்த வருசமே திருப்பி எடுத்துவிட்டார்கள். அப்போதே யோசித்திருக்க வேண்டும் என்று வாசிக்கிற எவருக்கும் தோன்றும். திருத்தினார்கள், இலக்கம் மாற்றினார்கள், மறுபடியும் திருத்தினார்கள். மொத்தமாக நான்கு இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள்.

கெட்ட துவக்கு என்று ஒரே சொல்லில் தள்ளவும் முடியாது. இங்கிலாந்தின் பிஸ்லி குறிசூட்டு மைதானத்தில் 1911இலும் 1913இலும் ராஸ் துவக்கோடு போன கனடியர்கள் அரசர் பரிசை வென்றார்கள். காய்ந்த புல்தரை, துடைத்த தோட்டா, படுத்துக் குறி பார்க்க நேரம். அந்த நிலையில் அதை மிஞ்ச ஆளில்லை. பாதுகாப்பு அமைச்சர் சாம் ஹியூஸ் அந்த வெற்றிகளைக் கண்ணில் வைத்துக்கொண்டுதான் 1914இல் படையை ராஸோடு போருக்கு அனுப்பினார்.

மெசின்காரன் என்ற முறையில் அதன் உள்ளே கொஞ்சம் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றத் துவக்குகளில் ஒரு வெடிக்கும் மறு வெடிக்கும் இடையில் போல்ட்டின் கைபிடியை மேலே திருப்பி, பின்னே இழுத்து, முன்னே தள்ளி, கீழே மடக்க வேண்டும். ராஸில் திருப்புவதும் மடக்குவதும் இல்லை. நேரே இழுத்து நேரே தள்ளினால் போதும். வெளிக்குழலுக்குள் சுருளாக வெட்டிய காடிகள் இருக்கும். அதற்குள் ஓடும் போல்ட்டின் தலை தானாகவே சுழன்று பூட்டிக்கொள்ளும். பேத்தி கொண்டுவந்த பம்பரத்தின் முறுக்குக் கம்பியும் இதே வேலையைத்தான் செய்கிறது. அமுக்குவது நேராக, சுற்றுவது வட்டமாக. கையால் செய்ய மிக அழகான வேலை இது. ஆனால் அழகான வேலைக்கு இடைவெளி குறைவு. நாங்கள் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை ‘தவ்’ என்போம். இரண்டு தவ் இடத்தில் சேறு புகுந்தால் என்ன நடக்கும் என்று வேர்க்‌ஷொப்பில் புதிதாகச் சேர்ந்த பெடியனும் சொல்வான்.

குறை ஒன்றல்ல, மூன்று நான்கு ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நின்றன. தோட்டா உட்காரும் அறையை ராஸ் இறுக்கமாகக் குடைந்திருந்தார். கனடாவில் செய்த தோட்டா அதில் வழுக்கிக்கொண்டு போகும். போர்க்களத்தில் கிடைத்த பிரித்தானியத் தோட்டாக்கள் அளவில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதே திறீ-நொட்-திறீ தோட்டாதான். சுட்ட அமுக்கத்தில் வெற்றுக்கோது விரிந்து அறையின் சுவரைப் பிடித்துக்கொள்ளும். அப்போது பலத்தைக் கூட்டி இழுக்க வேண்டும். பலமாக இழுத்தால் போல்ட் தலையின் பின்பக்க மரை, அதைத் தடுத்து நிறுத்தும் சிறு இரும்புத் தடையில் போய் மோதும். மோதி மோதி மரையின் விளிம்பு நசுங்கும். நசுங்கிய மரை அடுத்த தடவை தன் காடிக்குள் போகாது. ஆகவே இன்னும் பலமாக அடிக்க வேண்டும், இன்னும் நசுங்கும். திறந்து துடைத்துவிட்டுத் தலையைப் பிழையாகப் பூட்டினாலோ, போல்ட் பூட்டாமலே துவக்கு வெடிக்கும். அது சுடுபவரின் முகத்துக்கு வரும். பிறகு அதைத் தடுக்க ஒரு சிறு ஆணி அறைந்தார்கள். ஒரு ஆணியால் தடுக்கக்கூடியதற்கு முகங்கள் போயிருக்கின்றன. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. வேர்க்‌ஷொப்பில் ஒரு பாகம் நசுங்கினால் குப்பையில் போட்டுவிட்டு இன்னொன்று கடையலாம். பதுங்குகுழியில் நின்ற பெடியனுக்கு இன்னொன்று இருக்கவில்லை.

1915 ஏப்ரல் 22 மாலை ஈப்பரில் ஜெர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. அடுத்தடுத்த நாட்களில் கனடாவின் முதல் டிவிசன் நனைந்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டு நின்று சண்டை பிடித்தது. எதிரி கண்ணுக்கு முன்னால் வருகிறான், கையில் துவக்கு இறுகிவிட்டது. சப்பாத்துக் காலால் போல்ட்டை உதைத்தார்கள். மண்வெட்டிப் பிடியால் அடித்தார்கள். விழுந்து கிடந்த பிரித்தானியச் சிப்பாய்களின் கையிலிருந்து லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டு தங்கள் ராஸை எறிந்தார்கள். சண்டை முடிந்து எண்ணிப் பார்த்தபோது, தப்பிய 5,000 காலாட்படையினரில் 1,452 பேர் அப்படிச் செய்திருந்தார்கள். எந்த அறிக்கையும் தேவையில்லை, இந்த ஒரு எண் போதும். அதே நாட்களில், அதே களத்தின் ஓரத்தில், டொக்டர் மக்ரே காயக்காரருக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தார்.

முதல் டிவிசனுக்கு ஜூன் மாதமே லீ-என்ஃபீல்ட் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் 1916 வரை காத்திருந்தார்கள். கனடியப் படைக்குத் தலைமை தாங்கிய ஆல்டர்சன் என்ற ஆங்கிலேயத் தளபதி, துவக்கின் குறைகளை வரிசைப்படுத்தி ஒட்டாவாவுக்கு எழுதினார். ஹியூஸ் அவரைத் திட்டி எழுதிய பதிலைப் பிரதி எடுத்து மற்ற அதிகாரிகளுக்கும் அனுப்பினார். 1916இன் நடுவில் ஆல்டர்சனின் தளபதிப் பதவி போனது. உண்மையைச் சொன்னவர் முதலில் போனார். ஹியூஸின் அமைச்சர் பதவி நவம்பரில்தான் போனது. அடுத்த வருசம் அரசாங்கம் ராஸின் தொழிற்சாலையைக் கையகப்படுத்தியது.

ஒரு கூட்டம் மட்டும் ராஸைக் கைவிட மறுத்தது. குறிசுடுநர்கள். துவக்கைத் துணியில் சுற்றி வைத்து, தோட்டாவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, நாள் முழுக்க ஒரே இடத்தில் காத்துக் கிடப்பவர்களுக்கு அதன் நீளக் குழலும் குறியும் வேண்டியிருந்தன. ஒன்ராறியோவின் ஒஜிப்வே பழங்குடியைச் சேர்ந்த பிரான்சிஸ் பெகமகபோ அவர்களில் ஒருவர். ஈப்பரிலிருந்து போரின் முடிவு வரை நின்று, இராணுவப் பதக்கத்தை மூன்று தடவை பெற்றவர். ஊர் திரும்பித் தன் சனங்களின் உரிமைக்காக அரசாங்கத்தோடு காலம் முழுக்க மல்லுக்கட்டினார். பாரி சவுண்ட் நகரத்தில் இப்போது அவருக்குச் சிலை நிற்கிறது. துப்பரவாக வைத்திருக்க நேரமும் பொறுமையும் உள்ள ஒருவன் கையில் சிறந்தது. ஆயிரக்கணக்கான பெடியள் சேற்றுக்குள் பிடிக்கும்போது ஆகாதது. இரண்டும் ஒரே துவக்கு.

இந்த மூன்று ஆசிரியர்களிடம் எனக்குள்ள மரியாதை இந்த இடத்தில்தான். ராஸை நேசிக்காதவன் அதைப்பற்றி இவ்வளவு தடித்த புத்தகம் எழுதமாட்டான், சொந்தக் காசைப் போட்டு அச்சடிக்கவும் மாட்டான். அந்த நேசத்துக்காக அவர்கள் குறையை மூடவில்லை. முத்திரை எது, குறிக்கண்ணாடி எது, எந்த மாற்றம் எந்த இலக்கத்தோடு வந்தது என்று அளந்தும் படம் பிடித்தும் வைத்திருக்கிறார்கள். சேகரிப்பவருக்கு இது கைவிளக்கு. எனக்கோ, அளவுகோலோடு எழுதிய சரித்திரம். எங்கள் ஊர்க் கதையையும் ஒருநாள் யாராவது இப்படி, தமக்குப் பிடித்தவர்களின் பிழையையும் அளந்து எழுதவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

குவெல்ஃப் அம்மாவின் கணவர் ஓரங்களில் பென்சிலால் சின்னச் சின்னச் சரி அடையாளம் போட்டிருக்கிறார், தன்னிடம் இருந்தவற்றுக்காக இருக்கவேண்டும். சில அடையாளங்களின் மேல் பிறகு ஒரு கோடு இழுபட்டிருக்கிறது. விற்றிருப்பார். கடைசிப் பக்கங்களுக்கு வரும்போது எல்லாவற்றின் மேலும் கோடு. அவரிடம் மிஞ்சியது புத்தகம் மட்டும்தான் போலும். நான் அழிறப்பரைக் கிட்டவும் கொண்டுபோகவில்லை. பழுப்புக் கடதாசியால் உறை போட்டு என் அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். மனுசி ஒருநாள் அதை எடுத்து, ஈப்பர் பெடியள் பற்றிய இடத்தைக் காட்டச் சொன்னாள். நான் மொழிபெயர்த்து வாசிக்க, கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்தாள்.

பேத்திக்கு ஒன்பது வயது. நேற்றுப் பின்வளவில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தவள் வந்து, “அம்மப்பா, அந்தப் பாட்டு எழுதின டொக்டர் துவக்கு இறுகினவைக்கும் மருந்து கட்டினவரோ?” என்று கேட்டாள்.

“கட்டியிருப்பார் பிள்ளை.”

“ஏன் அவை இழுத்துத் திறக்கேல்ல?”

பதில் சொல்லாமல் பம்பரத்தை வாங்கி, மழைக்கு நனைந்திருந்த பாத்தியில் முறுக்குக் கம்பியை ஒரு தடவை தோய்த்துக் கொடுத்தேன். அமுக்கினாள், போகவில்லை. இரண்டு கையாலும் அமுக்கினாள். பிறகு அதைப் புல்லில் நிறுத்தி, சமநிலை பிடித்து, பிடியின் மேல் காலை வைத்து மிதித்தாள்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து.