ஓடைக்கு மேலே

1982 கடைசியில் ஐந்தாம் படிவச் சோதனை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். எங்கள் தோட்டம் சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா போகும் சடக்கை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. கித்தா மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. கன்றுகளுக்கு நடுவே மண்ணை மூடப் படரவிட்ட கொடியைத் தின்பதற்கு, பொழுது சாயும் நேரத்தில் மேட்டுக் காட்டிலிருந்து கடமான் இறங்கும். மலாய்க்காரர்கள் ரூசா என்பார்கள். எங்களுக்கு வெறும் மான்தான். பன்றியை வேட்டையாட நாயும் ஈட்டியும் வைத்திருந்தவர்கள் லயத்தில் உண்டு. மான் அடித்தவர் எவரும் இல்லை. அதனால்தான் எனக்கு அந்த ஆசை வந்தது.

மூங்கிலை வளைத்துத் தங்கூஸ் நூலை நான்கு புரியாக முறுக்கி வில் கட்டினேன். அப்பா தேய்ந்து போனதென்று கூரை இடுக்கில் செருகி வைத்திருந்த பால்வெட்டும் உளியை எடுத்து, உடைத்து, அரத்தால் ராவி இரண்டு அம்புமுனை செய்தேன். வாலுக்குச் சேவல் இறகு. வாழைத்தண்டில் எய்து பழகினேன். வாழைத்தண்டு ஓடாது, ரத்தம் விடாது. பத்துக்கு எட்டு பட்டதும் வேட்டைக்காரனாகிவிட்டேன் என்று நம்பினேன்.

அன்று மாலை ஓடைக்கரையில் ஒரு மான் குனிந்து மேய்ந்துகொண்டிருந்தது. எனக்கும் அதற்கும் இருபது எட்டு இருக்கும். அதற்குப் பின்னால் லாலான் புல், புல்லுக்குப் பின்னால் எங்கள் லயத்தின் கடைசிக் குழாயடி. மலைக்காட்டு வேலை முடிந்து வந்த பெண்கள் அங்கே குளிக்கும் நேரம். வாளிச் சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டும் எய்தேன்.

முதல் அம்பு மானின் முதுகுக்கு மேலே போயிற்று. அது எங்கே விழுந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் விடியற்காலையில் புல்லைக் காலால் தள்ளித் தள்ளித் தேடினேன், கிடைக்கவில்லை. இந்த நாற்பது வருடத்தில் அந்த மானை விடவும் அந்த முதல் அம்பைத்தான் அதிகம் நினைத்திருக்கிறேன். குழாயடியில் என் அக்காளும் நின்றாள்.

இரண்டாவது அம்பு பட்டது. மான் துள்ளி, முதுகைக் கூன்போட்டு, ஓடையேறி மேட்டுப்பக்கம் போனது. கல்லில் கொஞ்சம் ரத்தம், அதோடு பச்சையாக எதுவோ கலந்திருந்தது. நாற்றமடித்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. ஐம்பது எட்டு விரட்டினேன். இருட்டியது, பயம் வந்தது, திரும்பிவிட்டேன். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அம்பு தோட்டாவைப் போல அடித்து வீழ்த்தாது. ரத்தத்தை வடியவைத்துத்தான் கொல்லும். நெஞ்சுக்கூட்டில் பாய்ந்தால் மான் சீக்கிரம் விழுந்துவிடும். வயிற்றில் பட்டால் மணிக்கணக்கில் உயிரோடு கிடந்து துடிக்கும். அந்தப் பச்சை, குடலில் இருந்த இரை. அப்படி அடிபட்டதை விரட்டாமல் விட்டால் பக்கத்திலேயே படுத்துவிடும். விரட்டினால் எட்டிப் போய்விடும். பெரும்பாலும் தண்ணீரைத் தேடிப் போகும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

எங்கள் லயத்துக்குத் தண்ணீர் அந்த ஓடையிலிருந்துதான் வந்தது. மேட்டில் கல் அடுக்கி மறித்து, தொட்டி கட்டி, குழாய் இழுத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது. முதலில் ஆயாக் கொட்டகையில் நாலைந்து பிள்ளைகள், பிறகு வீட்டுக்கு வீடு. தோட்டத்து மருந்தாளான டிரெசர் மருந்துத் தண்ணீர் கலக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒரு கைக்குழந்தையை லேண்ட்ரோவரில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்கள். அந்தத் தாயின் அழுகையை நான் எங்கள் வாசலில் நின்று கேட்டேன். "தண்ணியக் காய்ச்சிக் குடிங்கம்மா, தண்ணியிலதான் எதுவோ கெட்டிருக்கு" என்று டிரெசர் சொன்னபோதே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. நான் செய்த குற்றங்களில் பெரியது அதுதான்.

ஐந்தாம் நாள் கங்காணி, பெத்தாய்க் காய் விற்க வந்த தெமியார்ப் பழங்குடிப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மேலே போனார். அப்பாவும் போனார். தொட்டிக்குச் சற்று மேலே தண்ணீருக்குள் தலை வைத்து மான் செத்துக் கிடந்தது. பெரியவர் அம்புமுனையைப் பிடுங்கிக் கழுவி அப்பாவின் கையில் கொடுத்தாராம். அதில் பாதி உளி அப்படியே தெரிந்தது. ஒரு பால்வெட்டுக்காரனுக்குத் தன் உளி தெரியாமல் போகுமா? அப்பா அதைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்றிரவு மண்ணெண்ணெய் விளக்கின் பக்கத்தில் அதை வைத்துவிட்டுக் கேட்டார்.

"எத்தன நாளாச்சு?"

"அஞ்சு நாளுப்பா."

"அஞ்சு நாளா இந்தத் தண்ணியத்தானடா உங்கம்மா குடிச்சா."

அவர் என்னை அடிக்கவில்லை. மறுநாள் காலை ஆட்களைக் கூட்டிப் பேர் எடுக்கும் பிரட்டுக்கு என்னையும் கூட்டிப்போய் எல்லார் முன்னாலும் சொல்ல வைத்தார். கைக்குழந்தை பிழைத்துத் திரும்பியது. அதன் தகப்பன் இரண்டு வருடம் எங்கள் வீட்டோடு பேசவில்லை. அவர் பேசாதது நியாயம்.

அந்தத் தெமியார்ப் பெரியவரிடம் பிறகு எத்தனையோ தடவை போய் உட்கார்ந்திருக்கிறேன். அவர் சும்பிட் என்னும் ஊதுகுழலால் வேட்டையாடுகிறவர். அதன் சிறு அம்பின் நுனியில் தடவுவது ஈப்போ மரத்துப் பால். நெஞ்சுத்துடிப்பையே நிறுத்துகிற நஞ்சு. ஈப்போ நகரத்துக்குப் பெயர் கொடுத்தது அந்த மரம்தான், ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் ஒன்று நிற்கிறது. அவர் அண்ணாந்து, மரக்கிளையில் இருக்கும் அணிலையும் குரங்கையும்தான் ஊதினார். தவறிய அம்பு காட்டுக்குள்ளேயே விழும். மனிதர் நடமாடும் பக்கமாக அவர் குழலை நீட்டி நான் பார்த்ததே இல்லை.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. லயத்தை இடித்தார்கள், ஆட்கள் புந்தோங்குக்கும் சுங்கை சிப்புட் பட்டணத்துக்கும் போனார்கள், பழைய நிலங்களில் 'தாமான்' என்று வரிசை வீடுகள் எழும்பிவிட்டன. வீட்டு வேலிக்கு அடுத்து செம்பனை, செம்பனைக்கு அடுத்து ஓடை, ஓடைக்கு அப்பால் காடு. மானுக்கு மேய இடம் முன்னைவிடக் குறைவு. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், உரிமம் இல்லாமல் கடமானை வேட்டையாடினால் ஐம்பதாயிரம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தார்கள். 2022இல் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கினார்கள். அதே 2022இல் வெளிவந்த கணக்கெடுப்பின்படி நாட்டில் மிஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு. அவற்றின் முக்கிய இரைகளில் ஒன்று இந்த மான்.

போன வருடம் எங்கள் தாமான் பையன்கள் இருவர் கப்பி வைத்த புது வில்லோடு வந்து, "அங்கிள், மான் எந்தப் பக்கம் இறங்கும்?" என்று கேட்டார்கள். என் வில் நூறு அடி தாண்டினால் அதிகம். அவர்கள் கையில் இருந்தது சில நூறு மீட்டர் எறியக்கூடியது. இடத்தை நான் காட்டவில்லை. உட்கார வைத்து இதைச் சொன்னேன்.

தம்பிகளே, உங்களுக்கும் அதையே சொல்கிறேன். வீடும் தண்ணீரும் உள்ள இடத்தில் வில்லைத் தொடாதீர்கள். புத்தி கெட்டு எய்துவிட்டீர்கள், அடிபட்ட மானும் ஓடிப்போயிற்று என்றால், அன்றிரவே கதவைத் தட்டிச் சொல்லிவிடுங்கள். ஓடைத் தண்ணீர் எடுக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லுங்கள், வனவிலங்கு இலாகாவுக்கும் சொல்லுங்கள். தண்டனை வரும். வாங்கிக்கொள்ளுங்கள். விடியும்வரை காத்திருக்காதீர்கள், விடிந்ததும் குழாயைத் திறப்பார்கள்.