13 வினாடி

அப்பா 30 வருஷம் லாரி ஓட்டினவர். சிவப்பு விளக்கில் நிற்பது அவருக்கு எப்போதுமே நஷ்டக் கணக்குதான். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். யாராவது வயசானவர் மெதுவாகச் சாலையைக் கடந்தால், "சீக்கிரம் போங்கய்யா" என்று ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருப்பார்.

போன வருஷம் அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. தேறி வந்த பிறகும் சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டார். வலிக்குதா என்றால் இல்லை என்பார். காரணம் புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. எங்கள் புளோக்குக்கும் சந்தைக்கும் நடுவில் ஆறு தடச் சாலை. அவர் பாதி தூரம் போவதற்குள் பச்சை மனிதன் கண்சிமிட்ட ஆரம்பித்துவிடுவான்.

சிங்கப்பூரில் இதற்கு ஒரு வழி உண்டு. விளக்குக் கம்பத்தில் இருக்கும் கருவியில் மூத்தோர் சலுகை அட்டையைத் தட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 வினாடி வரை பச்சை கூடுதலாக எரியும். 2009இல் தொடங்கிய திட்டம். அப்பாவிடம் அட்டை இருந்தது. பஸ்ஸில் ஏறும்போது தட்டுவார். இங்கே மட்டும் மாட்டார்.

"எனக்காக அத்தனை வண்டியும் நிக்கணுமா?"

நான் தினமும் வேலைக்குச் சைக்கிளில் போகிறவன். 2020இல் 460 கிலோமீட்டராக இருந்த சைக்கிள் பாதைகளை 2030க்குள் 1,300 ஆக்குவது அரசாங்கத்தின் திட்டம். எங்கள் பேட்டையில் சிவப்புப் பாதை போட்டபோது, இன்னும் ஏன் அடுத்த தெருவுக்கு வரவில்லை என்றுதான் கேட்டேன். பாதை முடிந்து நடைபாதையில் ஏறினால் வேகம் 10 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. தெரிந்தும், முன்னால் போகும் பாட்டிகளுக்குப் பின்னால் மணியடித்திருக்கிறேன்.

எனக்குக் கொடுத்ததை நான் உரிமையென்று எடுத்துக்கொண்டேன். அப்பா, அவருக்குக் கொடுத்ததைச் சலுகையென்று கூசினார். அட்டையின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறதே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வற்புறுத்திக் கூட்டிப் போனேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். சாலையோரம் ஒரு சீன மூதாட்டி, தள்ளுவண்டியைப் பிடித்தபடி பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தார். அப்பா அவரைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துத் தட்டினார்.

"அவங்களால வேகமா போக முடியாதுல்ல" என்றார் என்னிடம்.

பச்சை விழுந்தது. இரண்டு பேரும் ஒரே வேகத்தில் நடந்தார்கள். முதல் வரிசையில் ஒரு லாரி. ஓட்டுநரின் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அப்பா அதைக் கவனித்தார். ஓட்டுநரைப் பார்த்துக் கையை லேசாக உயர்த்தினார். நடையை மட்டும் மாற்றவில்லை.

அந்தப் பக்கம் ஏறியபோது பச்சை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.